விளிம்பில் நம்பர் இருக்கணும்

எங்கள் மாமா 1971 போரில் இருந்தவர் என்பது ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார். ஆனால் போரில் இருந்ததற்கு அடையாளமாக அரசாங்கம் தரவேண்டிய பதக்கங்களில் ஒன்றுகூட அவர் கைக்கு வந்ததில்லை. ஐம்பது வருஷம் கழித்து அதைக் கேட்டு வாங்கப் போன கதை இது. வட ஆற்காட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் நிறைய உண்டு. அந்த வீடுகளில் இருக்கும் பெரியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவுக்கு மூத்தவர். 1966இல் வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்த ரெஜிமெண்ட் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பின்னால் சில ஆபீஸ்களைப் பற்றிக் குறையாகப் பேச வேண்டியிருக்கிறது. 1971 டிசம்பரில் அவருடைய யூனிட் ஜம்முவுக்குத் தென்கிழக்கே சாம்பா பக்கத்திலிருந்து எல்லை தாண்டி ஷக்கர்கர் பகுதிக்குள் போனது. பசந்தர் ஆற்றங்கரையில் பெரிய டாங்கிச் சண்டை நடந்த முனை அது. மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்தர்பால், இருபத்தொரு வயதில் விழுந்தது அங்கேதான். எதிரி புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகள்தான் அங்கே பெரிய தலைவலி. மாமாவின் இடது முழங்காலுக்குக் கீழே சிதறல் பாய்ந்த தழும்பு இன்றும் இருக்கிறது. டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்கு மேற்கு முனையில் சண்டை நின்றபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

கால் தேறி யூனிட்டுக்குத் திரும்பினார். 1976இல் எங்கள் தாத்தா இறந்துபோனார். நிலத்தைப் பார்க்க ஆளில்லை. மாமா தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பத்து வருஷ சர்வீஸ். ஜவான்களுக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் பதினைந்து வருஷம் முடிக்க வேண்டும். அதனால் பென்ஷன் கிடையாது. அதைப் பற்றி அவர் எப்போதும் குறை சொன்னதில்லை. "ரூல் தெரிஞ்சுதானே வந்தேன்" என்பார்.

பதக்கம் வேறு விஷயம். வீர தீரச் செயலுக்குக் கொடுக்கிற சக்கரங்களையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நான் சொல்வது போரில் பங்கெடுத்த எல்லோருக்கும் உரிமையாக வரவேண்டியவை. 1971 போர்க் காலத்தில் படையில் இருந்தவர்களுக்கு சங்ராம் மெடல். மேற்கு முனையின் போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு அதோடு பஸ்சிமி ஸ்டார், கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார். 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீசில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல். ஒன்பது வருஷம் முடித்தவர்களுக்கு ஒரு நீண்ட சேவை மெடல். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்குப் பராக்கிரம பதக். 1965 போர் என்றால் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த வருஷம் எங்கே இருந்தார் என்று மட்டும் தெரிந்தால், அவருக்கு என்னென்ன வரவேண்டும் என்று ஓரளவு நீங்களே எழுதிவிடலாம்.

அப்படியானால் ஏன் வரவில்லை? அந்தக் காலத்தில் முதலில் ரிப்பன்தான் கொடுப்பார்கள். சட்டையில் அந்த வண்ணப்பட்டியைக் குத்திக்கொள்ளலாம். உலோகப் பதக்கம் அச்சடித்து, அதன் விளிம்பில் ஒவ்வொருவருடைய நம்பரையும் பெயரையும் பொறித்து, யூனிட் வழியாக வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆள் ஊருக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான். சர்வீசில் இருப்பவருக்கு யூனிட் இருக்கிறது. பென்ஷன்காரருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கிறார், இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளத்தில் அவர் விவரமெல்லாம் ஏறியிருக்கிறது. பென்ஷன் இல்லாமல் வந்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அரசாங்கத்துக்குத் தெரிய வழியில்லை. பொதுவாக, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மருத்துவ வசதியும் அவருக்குக் கிடையாது. போரில் ஒரே பதுங்குகுழியில் இருந்த இரண்டு பேரில், பதினைந்து வருஷம் முடித்தவர் கண்ணுக்குத் தெரிகிறார், பத்து வருஷத்தில் வந்தவர் தெரிவதில்லை. மாமாவுடைய பிரச்சினை முழுக்க இதுதான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச காலம் பிடித்தது.

2021இல் போரின் பொன்விழா வந்தது. 'ஸ்வர்ணிம் விஜய் வர்ஷ்' என்று டெல்லியில் ஜோதி ஏற்றி நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியிலும் முன்னாள் படைவீரர்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மற்றவர்கள் கோட்டில் பதக்க வரிசை மாட்டி வந்திருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையில் போனார். மேடையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பதக்கத்தையும் படித்துச் சொல்லிவிட்டு, மாமாவிடம் வந்ததும் "ஐயாவும் ராணுவத்தில் பணியாற்றியவர்" என்று முடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவுடன் மாமா கேட்டது ஒரே கேள்வி: "மாப்ள, எனக்கு வரவேண்டியதை இப்பக் கேட்டா குடுப்பாங்களாடா?"

அவர் பையன், என் மாமா மகன், டெல்லியில் வேலை பார்க்கிறான். டெல்லி கண்டோன்மெண்டில் கோபிநாத் பஜார் என்று ஒரு கடைத்தெரு. மிலிட்டரி சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும், பதக்கங்களும் கிடைக்கும். இதில் தப்பொன்றும் இல்லை. ஒரிஜினல் வரத் தாமதமாவதால் சர்வீசில் இருப்பவர்களே அங்கே வாங்கி மாட்டிக்கொள்வது வழக்கம்தான். செட்டாக வாங்கி அனுப்பிவிடுகிறேன், விழாவில் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்றான் அவன். மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். "விளிம்புல நம்பர் இருக்குமான்னு கேளு." இருக்காது என்றான். "நம்பர் இல்லாதது எனக்கு வேணாம். அது யாரு மெடலோ" என்று எழுந்து போய்விட்டார்.

சரி, முறையாகவே போவோம் என்று ஆரம்பித்தோம்.

முதல் வேலை ட்ரங்குப் பெட்டியைத் திறப்பது. கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே வெள்ளையில் நம்பரும் பெயரும் எழுதிய தகரப்பெட்டி. அதன் அடியில் மாமியின் கல்யாணப் புடவைக்குக் கீழே, அந்துருண்டை வாசனையோடு டிஸ்சார்ஜ் புக் இருந்தது. முன்னாள் படைவீரருக்கு ஆதாரைவிட முக்கியமான காகிதம் இதுதான். சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், உடலில் உள்ள அடையாளம், நடத்தை எப்படி, எல்லாம் இதில் இருக்கும். பதக்கங்களுக்கும் ஒரு பகுதி உண்டு. மாமாவுடையதில் அந்தப் பக்கத்தின் ஓரம் பூச்சி அரித்திருந்தது. மங்கிய நீல மையில் யாரோ ஒரு கிளார்க், சங்ராம், பஸ்சிமி, வெள்ளிவிழா, ஒன்பது வருஷம் என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் ரிப்பன் கொடுக்கப்பட்டதாகக் குறித்திருந்தார். பராக்கிரம பதக் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். இந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் பண்ணிவிடுகிறார்கள். வெயில் நாளில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு மை அதோடு போய்விடும். பின்னால் யாராவது அதில் ஒரு பதிவோ முத்திரையோ போட வேண்டுமென்றாலும் போட முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும், காலிப் பக்கம் உட்பட, கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரிஜினலைக் கவரில் போட்டு வையுங்கள். எந்த ஆபீசிலும் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், கொடுக்கக்கூடாது.

அடுத்தது, யாருக்கு எழுதுவது. ஊரில் எல்லோரும் சொன்னது பிரதமருக்கு எழுது, ஜனாதிபதிக்கு எழுது என்பதுதான். மாமா மகன் ஏற்கெனவே இணையத்தில் மத்திய அரசின் குறைதீர்ப்புப் பகுதியில் ஒன்று போட்டிருந்தான். அது மேலேயிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் வந்து சேர்ந்தது, படைவீரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசின் மேஜைக்குத்தான். போர்க்கதையும் வேதனையுமாக எழுதிய அந்த மனுவில் சர்வீஸ் நம்பரில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது. 'விவரம் பொருந்தவில்லை' என்று மூடிவிட்டார்கள்.

ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் கோருக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்கிற எம்இஜி என்றால் பெங்களூர். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் பிரிவான ஈஎம்ஈக்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். ஆள் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்ததல்ல இது, எந்தப் படைப்பிரிவு என்பதைப் பொறுத்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் முகவரி சொல்வார்கள், முகப்புக் கடிதமும் வைத்து அனுப்புவார்கள். எங்களுக்கு அங்கே இருந்த ஒருவர், தானும் முன்னாள் ஹவில்தார், பத்தே நிமிஷத்தில் எங்கள் மூன்று பக்கக் கடிதத்தை ஒரு பக்கமாக்கிக் கொடுத்தார். "ஐயா, இங்க எல்லாரும் சண்டை போட்டவங்கதான். நம்பர், ரேங்க், பேரு, சேந்த தேதி, வந்த தேதி, யூனிட், வேண்டியது என்ன. அவ்ளோதான்" என்றார். மாமா கொஞ்சம் முகம் வாடித்தான் போனார். ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு அட்டவணையாகச் சுருக்கினால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனாலும் வேலை நடந்தது அந்த ஒரு பக்கத்தால்தான்.

அதே மனிதர் சொன்ன இன்னொன்று எங்களுக்குப் பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தியது. எங்கள் வரைவில் 'பதக்கங்கள் தற்போது என்னிடம் இல்லை' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'இதுவரை வழங்கப்படவில்லை' என்று மாற்றினார். இல்லை என்றால் தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். தொலைந்ததற்கு மாற்றுப் பதக்கம் கேட்பது தனி வழி. காவல்நிலையப் புகார், பிரமாணப் பத்திரம், கட்டணம் எல்லாம் வரும். முதல்முறையாகத் தரவேண்டியதற்கு அது எதுவும் தேவையில்லை.

ரெக்கார்ட் ஆபீசிலிருந்து பதில் வரக் காத்திருந்து அலுத்துப்போன பிறகு ஒரு கடிதம் வந்தது. 'மேற்படி நபர் பென்ஷன் பெறாதவர். விலகி 25 ஆண்டுகள் ஆனபின் அவருடைய சர்வீஸ் ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன' என்று நாலு வரி. மாமா அதை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "நான் இன்னும் சாவலையே, என் பேப்பரை எப்படிக் கொளுத்துனாங்க?"

இந்தக் கடிதம் வந்ததும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. விதி உண்மையானதுதான். பென்ஷன் இல்லாதவர்களின் கோப்பை 25 வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். 1976இல் வந்தவருடைய கோப்பு 2001இலேயே போயிருக்கும். ஆனால் எல்லாம் போய்விடுவதில்லை. லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. சேர்ந்தவர்கள் எல்லோருடைய நம்பர், பெயர், சொந்த ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். கோப்பு அழிந்தாலும் அதை வைத்திருப்பார்கள். ஆகவே அடுத்த கடிதத்தில் 'என் கோப்பு எங்கே' என்று கேட்கக்கூடாது. 'லாங் ரோலில் என் பதிவின் நகலைத் தரவும்' என்று கேட்க வேண்டும்.

அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். ராணுவத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ராணுவம் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனு பெரியவர் பெயரில், அவர் கையெழுத்தோடு, அவருடைய அடையாள அட்டை நகலோடு போக வேண்டும். மகனோ மருமகனோ தன் பெயரில் போட்டால் 'மூன்றாம் நபரின் சொந்த விவரம்' என்று மறுத்துவிடுவார்கள். மூன்று கேள்விகள் போதும் என்று முடிவு செய்தோம். லாங் ரோல் பதிவின் நகல், இந்த நம்பருக்கு எந்தெந்தப் பதக்கத்துக்குத் தகுதி பதிவாகியிருக்கிறது, அவை எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒப்படைத்ததற்கு ஆதாரம் இல்லையென்றால், வழங்கப்படவில்லை என்ற நம் வாதத்தை அவர்களே எழுதிக் கொடுத்தமாதிரி ஆகிவிடும். அப்படித்தான் ஆயிற்று.

லாங் ரோல் நகல் வந்தது. அதில் வந்ததுதான் அடுத்த சிக்கல். நம் ஊரில் அப்பா பெயர் முதல் எழுத்தாக முன்னால் நிற்கும். ராணுவத்தில் அதை விரித்து, குடும்பப் பெயர் போலப் பின்னால் போட்டு, நடுவில் ஓர் எழுத்தையும் விட்டிருந்தார்கள். பிறந்த தேதி, சேரும்போது யாரோ உயரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. ஆதாரில் இருப்பது வேறு. ஊர் விவரம் இன்னும் வேடிக்கை. லாங் ரோலில் வட ஆற்காடு மாவட்டம், ஆற்காடு தாலுகா. அந்த மாவட்டம் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் ஆனது, அப்புறம் வேலூர் ஆனது, 2019இலிருந்து ராணிப்பேட்டை. வீடு நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. வடக்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு இது எப்படித் தெரியும்?

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம், பழைய மாவட்டத்தின் இந்தக் கிராமம்தான் இன்றைய மாவட்டத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று, டிஸ்சார்ஜ் புக்கில் எழுதியிருந்த உடல் அடையாளம், 'வலது புருவத்தின் மேல் மச்சம்', அது தெரியும்படி ஒரு போட்டோ. மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். மச்சத்தைப் போட்டோ எடுக்கும்போது மாமாவுக்கு ஒரே சிரிப்பு. இங்கே ஒரு எச்சரிக்கை: பெயரைச் சரிசெய்கிறேன் என்று ஆதாரை ராணுவப் பெயருக்கு மாற்றப் போகாதீர்கள். பட்டா, வங்கி, ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக இடிக்கும். ராணுவத்தில் இருக்கிற பெயரே பதக்கத்தில் வரட்டும், பிரமாணப் பத்திரம் பாலமாக இருக்கட்டும்.

கடைசியில் பதிவுத் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார், அவருக்கும் பார்க்க ஆசை. உள்ளே காகிதத்தில் சுற்றி சங்ராம் மெடல், வெள்ளிவிழா மெடல், ஒன்பது வருஷ மெடல். மாமா முகப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. சங்ராமைப் பக்கவாட்டில் திருப்பி, பஞ்சாங்கம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, விளிம்பைச் சுற்றி மெதுவாக உருட்டிக்கொண்டே ஒவ்வொரு இலக்கமாக இந்தியில் படித்தார். நம்பரை அவர் தமிழில் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு மற்ற இரண்டையும் அதேபோல. மூன்றிலும் சரியாக இருந்தது. பெயரில் அந்த எழுத்து விட்டுப்போயிருந்தது. "பரவாயில்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச பேரு அதான்" என்றார். பஸ்சிமி ஸ்டார் இருப்பில் இல்லை, வந்ததும் அனுப்புவோம் என்று ஒரு சீட்டு கூடவே இருந்தது. அதற்கும் ஒரு நினைவூட்டல் கடிதம் போட்டபடி இருக்கிறோம். இந்தச் சீட்டை பத்திரமாக வையுங்கள். தகுதி உண்டு என்று அவர்களே எழுதியது அது.

நடுவே பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பலருக்கு அதுதான் அவசரம். பதினைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஓராண்டுக்குள் பற்றாக்குறை என்றால், அதற்கு விலக்கு கேட்க விதியிலேயே இடமிருக்கிறது. மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. ஜெயித்தாலும் பொதுவாக நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மாமா மாதிரி ரொம்பக் குறைவான சர்வீஸ் என்றால், பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, ஹவில்தார் வரைக்குமான ரேங்கில் இருந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு மூலமாக மாதாந்திர உதவி இருக்கிறது. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000. வேறு வருமானம் இல்லாதவர்களுக்கானது அது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். மாமாவுக்கு நிலம் இருக்கிறது, அவர் கேட்கவும் மாட்டார். ஆனால் அதே தெருவில் ஒரு ஜவானின் விதவைக்கு இப்படி ஓர் உதவி இருப்பதே தெரியாது. அவருக்கு விண்ணப்பம் எழுதியதில்தான் எனக்கு அதிக திருப்தி என்று சொன்னால் மாமா கோபித்துக்கொள்வார்.

இனி பராக்கிரம பதக். இதில்தான் இன்னும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். தழும்பு இருக்கிறது, காயம்பட்டதற்கு எழுத்து இல்லை. போரில் காயம்பட்டவர்களை 'பேட்டில் காஷுவல்டி' என்று பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஒவ்வொருவருடைய சர்வீஸ் விவரங்களைப் பதிவு செய்யும் ஆணையில், வெளியிட்டிருக்க வேண்டும். அந்த ஆர்டர்கள் கோப்போடு போய்விட்டன. ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடும் கிடைக்கவில்லை. மாமாவிடம் கேட்டால், "அன்னிக்கு எங்க பக்கத்துல இருந்தவங்களுக்குக் காலே போச்சு. நான் போய் என் காயத்தை எழுதிக்கோன்னா சொல்லுவேன்?" என்கிறார். நியாயமான பதில்தான், ஆனால் எந்த ஆபீசும் ஏற்காது. சர்வீசில் இருக்கும் பையன்கள் யாராவது இதைப் படித்தால், சின்னக் காயமாக இருந்தாலும் ஆர்டரில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கூச்சப்பட்டால் எழுபத்தெட்டு வயதில் மச்சத்தைப் போட்டோ எடுக்க வேண்டியிருக்கும்.

எழுத்து இல்லாத இடத்தில் மிஞ்சுவது சாட்சி. அதே செக்‌ஷனில் இருந்தவர் யாராவது உயிரோடு இருந்து பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அதை வைத்து மறுபரிசீலனை கேட்கலாம் என்றார் அந்த ஹவில்தார். முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் நாம் நினைப்பதைவிடப் பெரியவை. யூனிட் பெயரும் வருஷமும் போட்டு ஒரு செய்தி விட்டோம், கையிலிருந்து கைக்குப் போய் பாலக்காட்டில் ஒருவர் கிடைத்தார். மாமாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிய நாலு பேரில் ஒருவராம். வீடியோ காலில் இரண்டு கிழவர்களும் பேசிக்கொண்டதைக் கேட்க வேண்டும். ஒருவர் தமிழர், ஒருவர் மலையாளி. இருவரும் பேசியது இந்தியில், அதுவும் பாரக்கில் கற்ற இந்தி, பாதி கெட்ட வார்த்தை. மாமி உள்ளே எழுந்து போய்விட்டார்.

அவர் பத்திரம் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக அவருடைய சர்வீஸ் நம்பர், யூனிட், தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, தனக்கும் பஸ்சிமி ஸ்டார் இன்றுவரை வரவில்லை, எப்படிக் கேட்பது என்று அவர் மெதுவாக விசாரித்தார். டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, போன வருஷம்தான் பேரன் லேமினேட் பண்ணிக் கொடுத்தான் என்றார்.